நூறு ஏக்கர் வைத்திருப்பவருக்கு என் ஒன்றரை ஏக்கர் எதற்கு?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பெரிய தொழிலதிபர் ஒருவரின் பங்களாவைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறார். மனைவி, மகனோடு அந்த வளாகத்திலேயே குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறார். வேலியை ஒட்டி அவருடைய தாத்தா காலத்துத் தேயிலை நிலம் ஒன்றரை ஏக்கர். பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலை பறிப்புக் கூலிக்கும் உரத்துக்குமே சரியாகப் போய்விடுகிறது. முதலாளிக்கு எழுபத்து நான்கு வயது. மில், ஆஸ்பத்திரி, வெளிநாட்டு முதலீடு என்று ஆயிரக்கணக்கான கோடி சொத்து. இந்த மலையில் மட்டும் நூறு ஏக்கர்.

"வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். வந்ததும் டீ கூடக் குடிக்காமல் எல்லைக்கல் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வருவார். குனிந்து கையால் தொட்டுப் பார்ப்பார். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டார். ஒரு ராத்திரி கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, சின்ன வயதில் அம்மாவின் தோடு அடகில் மூழ்கிப்போனதைச் சொன்னார். அதற்கு மேல் பேசவில்லை" என்று எழுதுகிறார்.

இப்போது அந்த ஒன்றரை ஏக்கரையும் முதலாளி கேட்கிறார். நல்ல விலை, அதில் ஒரு பகுதி ரொக்கம், மகனுக்கு மும்பை அலுவலகத்தில் வேலை என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். சீசனுக்கு முதலாளி வருவதற்குள் பதில் சொல்ல வேண்டும். மனைவி வேண்டாம் என்கிறார். மகனுக்கு இருபத்து நான்கு வயது, பி.இ. முடித்தவன். பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங் செய்து ஒன்றரை லட்சம் விட்டிருக்கிறான். பில்லியனர்கள் பற்றிய வீடியோக்களிலேயே கிடக்கிறான், "நானும் அவரை மாதிரி ஆகணும்" என்கிறான். போன மாதம் நடந்த சண்டையில், "கார் ஹாரன் கேட்டதும் நீங்க சாப்பாட்டுத் தட்டை வெச்சுட்டு ஓடுறதைப் பாத்தேதான் வளர்ந்தேன்" என்று சொல்லிவிட்டான்.

வாசகர் கேட்பது இவைதான்: இத்தனை இருந்தும் இவர்களுக்கு இன்னும் என்ன வேண்டும்? கடைசியில் எதை அடையப் பார்க்கிறார்கள்? நிலத்தைக் கொடுக்கலாமா? மகனை அனுப்பலாமா? கூடவே இரண்டு வரி: "பணக்காரர்களுக்கு உள்ளுக்குள் நிம்மதியே இருக்காது என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொள்கிறேன்." "தங்கைக்குக் கல்யாணத்தில் சீர் செய்தாகிவிட்டது, அவளுக்கு இதில் பங்கு கிடையாது."

வணக்கம் ஐயா.

மனசைத் தேற்றிக்கொள்வதாகச் சொன்னீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். பணக்காரர்களுக்கு நிம்மதி இருக்காது என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. வருடத்துக்கு 75,000 டாலருக்கு மேல் போனால் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் என்ற ஆய்வாளர்கள் 2010-ல் எழுதினார்கள். 2021-ல் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர் அதை மறுத்தார். பிறகு கானமனும் அவரும் சேர்ந்தே கணக்கைத் திரும்பப் பார்த்து 2023-ல் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பெரும்பாலானவர்களுக்கு வருமானம் கூடக்கூட மகிழ்ச்சியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது, ஏற்கெனவே மனவேதனையில் இருப்பவர்களுக்குத்தான் ஒரு கட்டத்துக்கு மேல் பணம் உதவுவதில்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் 4,000-க்கும் மேற்பட்ட கோடீஸ்வரர்களிடம் கேட்டு 2018-ல் வெளியிட்ட முடிவும் இதையொட்டியதுதான். ஒன்றிரண்டு மில்லியன் டாலர் வைத்திருப்பவர்களைவிட எட்டு, பத்து மில்லியனுக்கு மேல் வைத்திருப்பவர்கள் சற்றே அதிகத் திருப்தியோடு இருந்தார்கள். பரம்பரையாக வந்த பணத்தைவிடத் தானே சம்பாதித்த பணம் சற்றே அதிகத் திருப்தி தந்திருந்தது. வித்தியாசம் சின்னதுதான், ஆனாலும் இருக்கிறது.

ராத்திரி நெஞ்சு வலி வந்தால் மேட்டுப்பாளையம் இறங்க வண்டி தேடி அலைகிற வீடும், வண்டி வாசலிலேயே நிற்கிற வீடும் ஒன்றல்ல. இது உங்கள் மகனுக்கு நன்றாகத் தெரியும். அவனிடம் போய் "அவருக்கு நிம்மதி இல்லைடா" என்று சொன்னால், அப்பா இயலாமையில் பேசுகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வான். அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

இன்னும் ஏன் வேண்டும்?

முகம் பார்க்காத ஒருவரின் மனசை நான் கணித்துவிட முடியாது. ஆனால் நீங்கள் கவனித்து எழுதியிருப்பது சாதாரண விஷயமில்லை. அம்மாவின் தோடு, மிச்சம் வைக்காத தட்டு, கையால் தொட்டுப் பார்க்கும் எல்லைக்கல். சிறு வயதில் வீட்டிலிருந்து ஒரு பொருள் கைவிட்டுப் போவதைப் பார்த்து, அதைத் தடுக்க வழியில்லாமல் நின்ற பிள்ளைகள் பலரிடம் இந்தப் பழக்கம் உண்டு. அந்தத் தோட்டை அவர் இன்று ஆயிரம் ஜோடி வாங்கலாம். ஆனால் அன்றைக்கு மீட்க முடியவில்லையே. பயம் அந்த நாளோடு ஒட்டியிருக்கிறது. அதனால் இன்று எத்தனை கோடி சேர்ந்தாலும் அந்தப் பயத்துக்குப் போதாது.

பொதுவாகவே மனித மனசு, ஒன்றைப் பெறுவதில் வரும் சந்தோஷத்தைவிட அதே அளவு இழப்பதில் வரும் வலியைப் பெரிதாக உணர்கிறது. கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளரும் 1979-லேயே இதை விளக்கினார்கள். அளவுக்கு மீறிய சொத்து வந்தபின் இந்தக் குணம் குறைந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். இழப்பதற்கு நிறைய இருப்பவருக்கு அது கூடவும் செய்யலாம். நிலத்தை ரசிக்கிறவர் முதலில் வராந்தாவில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்ப்பார். உங்கள் முதலாளி முதலில் எல்லையைப் பார்க்கிறார். உங்கள் ஒன்றரை ஏக்கர் அவருக்கு வருமானத்துக்காக வேண்டியதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நாளைக்கு முன்பின் தெரியாத யாரோ வந்து ரிசார்ட் கட்டிவிடக் கூடாது என்பதாகத்தான் இருக்க வேண்டும். இதை மனசில் வையுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

எல்லாப் பெரும் பணக்காரர்களும் பயத்தால்தான் ஓடுகிறார்கள் என்று சொல்லவில்லை. பலரை ஓட்டுவது பக்கத்து வீடு. 1998-ல் வெளியான ஓர் ஆய்வில் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்தவர்களிடம் கேட்டார்கள்: மற்றவர்கள் 25,000 டாலர் வாங்கும் இடத்தில் நீங்கள் 50,000 வாங்குவது பிடிக்குமா, மற்றவர்கள் 2 லட்சம் வாங்கும் இடத்தில் நீங்கள் 1 லட்சம் வாங்குவது பிடிக்குமா? கிட்டத்தட்டப் பாதிப் பேர் முதலாவதைத்தான் சொன்னார்கள். ஆயிரம் கோடிக்காரர் உங்களோடும் என்னோடும் தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. பத்தாயிரம் கோடிக்காரரோடு ஒப்பிடுகிறார். நம் மலையிலேயே இதற்குச் சாட்சி உண்டு. வெயில் காலத்தில் மதராஸ் கவர்னர் ஊட்டிக்கு ஏறி வந்ததால், மைசூர், ஜோத்பூர், பரோடா, ஹைதராபாத் என்று சமஸ்தானக்காரர்களும் இங்கே ஆளுக்கொரு மாளிகை வைத்துக்கொண்டார்கள். குளிர்ந்த காற்று மட்டும் வேண்டுமென்றால் சின்ன பங்களா போதுமே. ஜோத்பூர் அரசரின் ஆரன்மோர் இன்று தமிழகம் என்ற பெயரில் அரசு விருந்தினர் மாளிகை. மைசூர் அரசரின் ஃபெர்ன்ஹில் ஹோட்டலானது.

இன்னும் சிலருக்கு வேலைதான் எல்லாம். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் 1958-ல் 31,500 டாலருக்கு வாங்கிய வீட்டிலேயே காலம் கழித்துக்கொண்டு, தொண்ணூறு வயது தாண்டியும் கம்பெனியை நடத்தினார். செலவழிப்பதற்காகச் சம்பாதித்தார் என்று அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. பணம் அங்கே மதிப்பெண் மாதிரி. வேலையை நிறுத்தினால் காலையில் எழுந்து என்ன செய்வது, நான் யார் என்ற கேள்வி வந்துவிடும்.

இதில் ஆண்ட்ரூ கார்னகியின் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. ஸ்காட்லாந்தில் ஏழை நெசவாளிக்குப் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். 1868 டிசம்பரில், 33 வயதில், நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து தனக்குத்தானே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார். வருட வருமானம் 50,000 டாலர், இதற்கு மேல் சேர்க்கக் கூடாது, இன்னும் இரண்டு வருடத்தில் தொழிலை விட்டுவிட்டுப் படிக்கப் போக வேண்டும், செல்வம் சேர்ப்பது விக்கிரக வழிபாட்டிலேயே மிக மோசமான வகைகளில் ஒன்று என்றெல்லாம் அதில் இருக்கிறது. மனதாரத்தான் எழுதியிருப்பார், சந்தேகமில்லை. ஆனால் தொழிலை விட்டது 1901-ல், அவருடைய எஃகுக் கம்பெனியை ஜே.பி. மார்கன் என்ற வங்கியாளர் 48 கோடி டாலருக்கு வாங்கியபோது. எழுதும்போது என்ன வயதோ, அதன்பின் கிட்டத்தட்ட அத்தனை வருடம் ஓடியிருக்கிறார். நடுவில் 1892-ல், கூலிக் குறைப்பை எதிர்த்து நின்ற ஹோம்ஸ்டெட் ஆலைத் தொழிலாளர்கள்மேல் கம்பெனி கூலிப் படையை ஏவி உயிர்கள் போயின. போதும் என்று முப்பத்து மூன்று வயதிலேயே தெரிந்துவைத்திருந்த ஒருவராலும் நிறுத்த முடியவில்லை. ஆகவே "இவருக்குப் போதும் என்று தோன்றவே தோன்றாதா" என்று நீங்கள் ஆச்சரியப்படுவதில், அவருக்குத் தோன்றியிருக்கவும் கூடும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் எதைப் பிடிக்கப் பார்க்கிறார்கள்?

வயது எழுபதைத் தாண்டும்போது இந்தக் கேள்வி மாறிவிடுகிறது. எனக்குப் பிறகு என்ன என்பது முன்னால் வந்து நிற்கிறது. பலருக்கு விடை பிள்ளைகள். அங்கேதான் கோர்ட்டுப் படி ஏறுகிற சண்டைகளும் ஆரம்பிக்கின்றன. சிலர் சாவையே தள்ளிப்போடப் பார்க்கிறார்கள். பிரயன் ஜான்சன் என்ற அமெரிக்கர் தன் கம்பெனியை 2013-ல் 80 கோடி டாலருக்கு விற்றுவிட்டு, உடம்பு மூப்படையாமல் இருக்க வருடத்துக்கு இருபது லட்சம் டாலர் அளவில் செலவழிப்பதாகச் சொல்கிறார். ஈலான் மஸ்க் செவ்வாய் கிரகத்தில் மனிதர்களைக் குடியேற்றுவதைத் தன் வாழ்நாள் இலக்காக வைத்திருக்கிறார். பேர் நிலைக்க வேண்டும், நாம் போனபின்னும் நாம் தொட்டது இருக்க வேண்டும் என்ற ஆசைதான் இவர்களிடமும் இருப்பதாக எனக்குப் படுகிறது.

கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கார்னகி தன் சொத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தார்; 2,509 நூலகக் கட்டடங்கள் அவர் பணத்தில் எழுந்தவை. விமான நிலையக் கடைகளால் பெரும் பணக்காரரான சக் ஃபீனி 1984-லேயே தன் பங்கை யாருக்கும் தெரியாமல் அறக்கட்டளைக்கு எழுதிவிட்டார். 800 கோடி டாலர் கொடுத்து முடித்து, 2020-ல் அறக்கட்டளையையே மூடினார். வாடகை வீட்டில், பதினைந்து டாலர் கேசியோ கடிகாரத்தோடு வாழ்ந்து 2023-ல் இறந்தார். விப்ரோவின் அசீம் பிரேம்ஜி 2019 வரை கொடுத்தது சுமார் 1.45 லட்சம் கோடி ரூபாய். நம் பக்கத்தில் அழகப்பச் செட்டியார். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். மகளிர் கல்லூரிக்குத் தான் குடியிருந்த வீட்டையே கொடுத்தார். 1957-ல் இறந்தபோது ஐம்பது வயது கூட ஆகவில்லை. இவர்களில் எனக்கு நெருக்கமானவர் அவர்தான். கையில் இருக்கும்போதே, கண் முன்னாலேயே கொடுத்தார்.

உங்கள் முதலாளி இதில் எந்தப் பக்கம் போவார் என்று சொல்ல என்னிடம் வழியில்லை. கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பத்தொன்பது வருடம் பழகியவர், தோட்டைப் பற்றி உங்களிடம்தானே சொன்னார்.

மகனைப் பற்றி

அவன் சொன்ன ஹாரன் வார்த்தை உங்களைச் சுட்டிருக்கிறது, எழுத்திலேயே தெரிகிறது. அதை அவமரியாதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். முதலாளிக்குத் தோடு எப்படியோ, உங்கள் பையனுக்கு அந்தச் சாப்பாட்டுத் தட்டு அப்படி. அப்பா பாதிச் சோற்றில் எழுந்து ஓடியதைப் பார்த்த சிறுவன், ஒரு நாள் யாருக்காகவும் எழுந்திருக்க வேண்டாத இடத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு கட்டியிருக்கிறான். பில்லியனர் வீடியோக்களில் அவன் பார்ப்பது பணத்தை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். யார் முன்னாலும் எழுந்து நிற்காத மனிதர்களை அவன் பார்க்கிறான்.

இது தெரிந்தபின் பேச்சு வேறு மாதிரி இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் அவனை நிலத்துக்குக் கூட்டிப் போய், "நான் அப்படி ஓடினது உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். உங்களுக்கு எப்படி இருந்தது என்பதையும் சொல்லுங்கள். சம்பளத்துக்காக ஓடினீர்களா, பழக்கத்தில் ஓடினீர்களா, அவனைப் படிக்கவைக்க ஓடினீர்களா, உண்மை எதுவோ அது. அப்புறம், நாற்பது வயதில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்க வேண்டும் என்று அவனைச் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எழுவான், யாரோடு சாப்பிடுவான், யாரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்? பில்லியனர் ஆக வேண்டும் என்பவர்கள் சொல்லும் செவ்வாய்க்கிழமைக்குப் பல சமயம் பில்லியன் தேவைப்படுவதில்லை. அவனே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாம்.

டிரேடிங்கில் மட்டும் கறாராக இருங்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கும் மேல். உங்கள் பையன் மந்தம் என்று இதற்கு அர்த்தமில்லை, அந்தச் சந்தை அப்படி. ஆனால் விட்டதைப் பிடிக்க மறுபடி கடன் வாங்குகிறானா, லோன் ஆப் ஏதும் இருக்கிறதா, தூக்கம் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலிமானஸ்) இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

மும்பை வேலைக்கு நான் எதிரியில்லை. போய்ப் பார்க்கட்டும். பதவி என்ன, சம்பளம் எவ்வளவு, யாருக்குக் கீழே என்பதெல்லாம் நியமனக் கடிதத்தில் வரட்டும். நிலம் கைமாறினால்தான் வேலை என்றால் அது வேலை இல்லை, விலையின் ஒரு பகுதி.

நிலத்தைப் பற்றி

சட்ட விஷயங்களை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். நீங்களும் பத்திரங்களோடு ஒருவரைப் பாருங்கள், மேனேஜர் சொல்லும் வக்கீலைத் தவிர வேறு யாரையாவது.

தங்கைக்குப் பங்கு இல்லை என்பது தவறு. சீர் செய்ததால் சொத்துரிமை போய்விடாது. தாத்தா வழியில் பாகம் பிரிக்காமல் வந்த நிலம் என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருக்கும் உங்களைப் போலவே பங்கு உண்டு. 2005-ல் மகள்களுக்கும் மகன்களைப் போலவே பங்கு என்று அதில் திருத்தம் வந்தது. மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. அவர் தன் பங்கை விட்டுக்கொடுத்து ஏற்கெனவே விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுத்திருந்தாலோ, 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தாலோதான் கதை வேறு. உங்கள் மகன் கையெழுத்தும் தேவைப்படலாம்.

ரொக்கம் வேண்டவே வேண்டாம். நிலம் விற்கும்போது ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. மாட்டிக்கொள்வது ரொக்கத்தை வாங்கியவர், அதாவது நீங்கள்.

ரிசார்ட்காரன் வந்தால் கோடிக்கணக்கில் தருவான் என்று யாராவது ஆசை காட்டினால் அதையும் நம்பாதீர்கள். நீலகிரியில் தேயிலை நிலத்தில் நினைத்தபடி கட்டடம் எழுப்ப முடியாது. மலைப்பகுதிக்கான தனி அனுமதிகள் வேண்டும், அவை எளிதில் வருவதில்லை.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வேறு. உங்கள் சம்பளம், குடியிருக்கும் வீடு, மகன் வேலை, நிலத்தின் விலை எல்லாமே ஒரே ஆள் கையில். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு வயது எழுபத்து நான்கு. நாளைக்குப் பிள்ளைகள் வந்து பங்களாவை விற்றால் குவார்ட்டர்ஸும் போகும், சம்பளமும் போகும். அன்றைக்கு உங்களுக்கென்று இருப்பது இந்த ஒன்றரை ஏக்கர்தான். உங்கள் மனைவி வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள். உங்கள் சம்பளம் எந்தக் கம்பெனி கணக்கிலிருந்து வருகிறது, பி.எஃப். பிடித்தமா என்பதையும் இப்போதே விசாரித்து வையுங்கள்.

விற்பதா வேண்டாமா என்ற இரண்டுக்கு நடுவிலும் ஒரு வழி இருக்கிறது. அவருடைய பயம் வேலிக்கு அப்பால் வரப்போகும் தெரியாத ஆளைப் பற்றியது என்றால், நிலம் கைமாறாமலேயே அதைத் தீர்க்கலாம். "இந்த நிலத்தை நாங்கள் விற்பதாக இருந்தால் முதலில் உங்களிடம்தான் கேட்போம், அன்றைய சந்தை விலைக்கு" என்று குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் எழுதித் தரலாம். அதற்கு ஈடாக ஒரு தொகையும் கேட்கலாம், காசோலையாக. முன்கூட்டியே விலையை நிர்ணயிக்கவும் கூடாது, பவர் எழுதித் தரவும் கூடாது. அவர் இதற்கு ஒத்துக்கொண்டால் நாம் ஊகித்தது சரி. மறுத்து நிலமே வேண்டும் என்றால், அவர் எதற்காகக் கேட்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பத்திரத்தில் கை வைக்காதீர்கள்.

சீசனுக்கு அவர் மேலே வருவதற்கு முன் பதில் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். அதற்குள் முதலில் தங்கை வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். அப்புறம் பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு வக்கீலிடம். மேனேஜரிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டியது ஒரே வரிதான்: "ஐயா வரும்போது நானே நேரில் பேசிக்கொள்கிறேன்."